இல்லாத இடத்தின் நிறம்

கவிதையில் சொல்லாமல் விட்ட இடத்தை வாசகன் நிரப்பிக்கொள்கிறான் என்பது நம் வட்டத்தில் யாரும் மறுக்காத வாக்கியம். எதைக் கொண்டு நிரப்புகிறான் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. இரண்டு வருஷங்களாக எனக்கு அது ஸ்தூலமான கேள்வி.

கண் அழுத்த நோய். இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். ஆகவே வலதுதான் கண். அதில், உற்றுப் பார்க்கும் புள்ளிக்குச் சற்று மேலே, இடப்பக்கத்தில், ஒரு துண்டு போய்விட்டது. விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகளில் ஒரு பகுதி செத்துவிட்டது. பரிசோதனைத் தாளில் அந்த இடம் கறுப்பாக அச்சாகியிருந்தது. கண்ணில் கறுப்பு இல்லை.

தாம்பரத்தில் பீச் ரயிலுக்கு நிற்கிறேன். மின்கம்பியில் ஒரு காக்கை. பார்வையை ஓர் இம்மி கீழே, வலப்புறம் நகர்த்தினால் காக்கை இல்லை. கம்பி அறுபடாமல் ஓடுகிறது, வானம் வானமாகவே இருக்கிறது. புரூஃப் பார்க்கும்போதும் இப்படித்தான். அந்த இடத்தில் அச்சு இருப்பது போலவே இருக்கிறது. ஓர் எழுத்தைப் பிடிக்கப் போனால் கறுப்பு வெள்ளை நெசவுதான்.

ஹ்யூபெல், வீஸல் இருவரும் பூனையிலும் குரங்கிலும் கண்டது தெரிந்ததே (1981இல் நோபல் பரிசு). பார்வைப் புறணியின் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே ஒரு சிறு வட்டாரம் உண்டு. அதற்குள் ஒரு விளிம்பு, குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடு வந்தால் துடிக்கும். ஒரே சீரான பரப்புக்குப் பெரும்பாலும் மௌனம். அப்படியானால் பரப்பை யார் பார்க்கிறார்கள்?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனும் ரிச்சர்ட் கிரிகரியும் 1991இல் ஒன்று காட்டினார்கள். மினுங்கும் புள்ளிப் பரப்பில் ஒரு சாம்பல் சதுரம். கண்ணை அசைக்காமலிருந்தால் சில விநாடிகளில் சதுரம் மறைந்து அங்கேயும் புள்ளிகள் மினுங்கும். 1995இல் டி வீர்டும் சகாக்களும் இதே மாதிரியான காட்சியைக் குரங்குகளுக்குக் காட்டி, மின்முனையால் செல்களைக் கேட்டார்கள் (குரங்கை வாய் திறந்து கேட்க முடியாதே). சதுரத்துக்குள் வட்டாரம் கொண்ட செல்கள் முதலில் அடங்கின. பிறகு, முதல் பார்வைப் பகுதியைத் தாண்டியுள்ள இரண்டாம், மூன்றாம் பகுதிகளில், துடிப்பு மெல்ல ஏறியது, சுற்றியுள்ள பரப்பு அங்கேயும் இருப்பது போல. மனிதர்கள் 'நிரம்பிவிட்டது' என்று சொன்ன நேரத்தோடு அது ஒத்துப்போயிற்று.

நிரப்பும் பொருள் அக்கம்பக்கத்தின் இழை. வேறொன்றுமில்லை.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். விதி தெரிந்தவன் அழிந்த பாதியைத் திரும்பப் போட்டுவிடலாம். என் செல்களுக்கு இலக்கணம் தெரியாது. எதிர்வீட்டு வாசலில் புள்ளிகள் நிரம்பிவிடுகின்றன. கோடு எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்பியது என்பது இல்லை. நம் விமர்சனத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. கவிஞன் விட்ட இடமெல்லாம் வெறுமை, தனிமை, இருத்தலின் அபத்தம். பக்கத்துக் கட்டுரையில் இருந்த இழை.

கில்பர்ட்டும் வீஸலும் 1992இல், விழித்திரை சுடப்பட்ட குரங்கின் மௌனமான செல்கள் சில மாதங்களில் பக்கத்து வட்டாரத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கின என்றார்கள். 2005இல் ஸ்மிர்னாகிஸ் குழு மாதக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் பகுதியில் அப்படி ஒரு மறுசீரமைப்பு இல்லை என்றது. எனக்கு இது வெறும் சர்ச்சையல்ல. என் தலைக்குள் அந்தத் துண்டுக்குரிய செல்கள் சும்மா கிடக்கின்றனவா, அண்டைவீட்டாருக்கு வேலை செய்கின்றனவா?

சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைக்கிறது, போனதைத் தராது. இப்போது வரிக்குமேல் ஓர் அட்டையை வைத்து, தலையைத் திருப்பித் திருப்பிப் புரூஃப் பார்க்கிறேன். ஒரு பாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது.