சேத்துப்பட்டுப் பரிசோதனை

ஆராய்ச்சி நிலையம் என்றதும் கண்ணாடிக் குழாய்களும் வெள்ளை அங்கி தரித்த விஞ்ஞானிகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகிறார்கள். சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இவையெல்லாம் உண்டு. ஆயினும் அதன் கீர்த்தி கடல் கடந்து சென்றது இந்நகரின் ஏழைகள் வசித்த ஒற்றை அறைகளினால்தான் என்று நாம் துணிந்து சொல்வோம்.

க்ஷயம் என்ற சொல்லைக் கேட்டாலே வீடு நடுங்கிய காலம் அது. நோய் கண்டவர் தாயாயினும் தகப்பனாராயினும் ஸானடோரியத்துக்கு அனுப்பிவிட வேண்டும். நல்ல காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும் இல்லாவிடில் பிழைக்கமாட்டார், வீட்டிலிருந்தால் மற்றவர்களையும் பிழைக்கவிடமாட்டார் என்பது மேல்நாட்டு வைத்தியத்தின் தீர்ப்பு. தீர்ப்புச் சரி, படுக்கைக்கு எங்கே போவது? படுக்கை கிடைத்தாலுந்தான் என்ன? சம்பாதிக்கிறவர் ஒரு வருஷம் படுத்துவிட்டால் வீட்டில் உலை வைப்பது யார்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-ல் இந்நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்று நடத்திய முதற்பரிசோதனையில் 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் ஸானடோரியத்திலும் மறு பிரிவினர் தம் வீட்டிலும் ஒரு வருஷம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர்: ஐஸோநயாஸிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு.

வீட்டிலிருந்தவர்கள் உண்டது குறைவு, உழைத்தது அதிகம். அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும் வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிறு வித்தியாசமும் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. கூட வசித்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும், வீட்டுச் சிகிச்சையினால் அபாயம் அதிகமாகவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே தொற்றியிருந்தது! 1959-ல் முதல் முடிவு வெளியானபின், ஸானடோரியம் என்ற ஏற்பாடே உலகெங்கும் படிப்படியாக மங்கலாயிற்று.

மாத்திரையைக் கொடுத்தனுப்பினால் போதுமா? சற்றே உடம்பு தேறியதும் அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோவது மனித சுபாவம். (நம் வீட்டு அலமாரிகளே சாட்சி.) ஆகையால் நிலையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிச் சென்றார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னர், ஊழியர் கண்ணெதிரே வாரம் இருமுறை மருந்து கொடுக்கும் முறையையும் அங்கே சோதித்து, பலனுண்டு என்று 1964-ல் வெளியிட்டார்கள். பிற்காலத்தில் பல நாடுகள் கைக்கொண்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வேர் இதுவே.

இத்தகைய நிலையத்தில் உத்தியோகம் என்றால் டாக்டர் உத்தியோகம் ஒன்றையே நம் குடும்பங்கள் நினைக்கின்றன. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைச் சாலைக்காரர், கணக்கிடும் புள்ளிவிவர நிபுணர், நர்ஸ், வீடு வீடாய்ப் படியேறும் சுகாதார ஊழியர் ஆகியோரில் ஒருவர் அசட்டையாயிருந்தாலும் 193 பேர் ஓராண்டு பட்ட சிரமம் வீணாகியிருக்கும். நம்மைக் கேட்டால், படியேறியவருக்கே முதல் தாம்பூலம் கொடுப்போம்.

நமக்குத் தெரிந்த பெண் ஒருத்தி புள்ளிவிவர சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. தேறியவள். இத்தகைய நிலையத்தில் வேலைக்கு மனுப்போட விரும்புகிறாள். அவள் தகப்பனாருக்கு மேற்படி விவரங்களையெல்லாம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஸார், ஆனாலும் க்ஷயரோகிகள் வந்துபோகிற இடமல்லவா?" என்றார்.