ஆயாவின் ஒரு பிடி

பாரீசை ஒட்டிய சார்செல்லில் நவம்பர் வந்தால் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மூக்கடைத்தால் கீழே இறங்கினால் போதும். பச்சைச் சிலுவை மின்னும் மருந்துக்கடை. மாத்திரை கேட்கிறது. அடைப்பும் விடுகிறது. நொச்சி வாசனைதான் இல்லை.

எங்கள் ஊர் பாகூரில் வீட்டு வேலியே நொச்சிதான். ஐப்பசி மழையில் சளி பிடித்தால் ஆயா தழையை உருவிப் பானையில் கொதிக்கவிட்டு, என்னையும் இழுத்துத் தன் போர்வைக்குள் மூடிக்கொள்வாள். "இழு கண்ணு, இன்னும் இழு." அந்தக் குரலும் ஆவியும் ஒன்றாகத்தான் நெஞ்சுக்குள் இறங்கும். வெளியே ஏரிப்பக்கம் தவளைச் சத்தம். போன தடவை ஊருக்குப் போனேன். வேலி இருந்த இடத்தில் மதில்.

எனக்கு மஞ்சக்காமாலை கண்ட வருஷம், விடியுமுன்னே அம்மிச் சத்தம் கேட்கும். கீழாநெல்லியை வேரோடு அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி, மோரில் கரைத்து நீட்டுவாள். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அதே குடும்பத்துச் செடியை ஹெபடைட்டிஸ்-பி கிருமி உள்ளவர்களுக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்து, பலன் இருப்பதாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிற்பாடு வேறிடங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இருக்கட்டும். எனக்கு வேண்டியது அந்த அம்மிச் சத்தம், இருட்டோடு கேட்ட அந்தக் கரகரப்பு.

அறுப்பில் அரிவாள் பட்டால் வரப்பிலேயே வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவாள். எரியும், ஊதிவிடுவாள். அந்தப் பூண்டின் சொந்த ஊர் நடு அமெரிக்காவாம், இங்கே வந்துதான் படித்தேன். மாயா மக்கள் வாழும் குவாத்தமாலாவிலும் தோல் புண்ணுக்கு அதைத்தான் தேடுவார்களாம். அங்கேயும் ஒரு ஆயா ஊதிவிட்டிருப்பாள். உங்களுக்கும் ஒருத்தி இருந்திருப்பாள், எந்த ஊராக இருந்தாலும்.

செடிகளின் பேர் எனக்கு மறக்கவில்லை. மறந்தது அளவு. எது எவ்வளவு, எந்த வேளை, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்குத்தான் தெரியும். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம்.

போன வாரம் பாரீசின் லா ஷப்பேல் தமிழ்க் கடையில் காய்ந்த நொச்சி கிடைத்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டுச் சித்திக்குப் போன் போட்டேன்.

"எவ்ளோ போடணும் சித்தி?"

"ஆயா போடுமே, ஒரு பிடி. அவ்ளோதான்."

அள்ளினேன். என் கை ஆயா கையைவிடப் பெரிது. கொஞ்சம் உதிர்த்தேன். மறுபடி கொஞ்சம் எடுத்தேன். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.