டாக்புக்கும் காகாவும்

புனேவுக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பித்து இருபது வருஷம் ஆச்சு. ஆபீஸ் ஆணியெல்லாம் போக, ராத்திரியில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. அபார்ட்மென்ட் சொசைட்டிகள் மெயின்டெனன்ஸ் கணக்கு பார்க்க ஒரு திறமூல மென்பொருள். நிரல் எழுதியது சுலபம். கையேட்டை எந்த வடிவத்தில் வைப்பது என்பதில்தான் சறுக்கினேன்.

பெரிய தலைகள் வைத்திருக்கிறார்களே என்று டாக்புக்கைப் பிடித்துக்கொண்டேன். 1991-ல் பிறந்த சங்கதி. ஒரே மூலத்திலிருந்து வலைப்பக்கமும் வரும், பிடிஎஃப்பும் வரும். ஆனால் ஒவ்வொரு பத்திக்கும் திறக்க ஒரு குறி, மூட ஒரு குறி. ஒன்றை மூட மறந்தால் மொத்தப் புத்தகமும் படுத்துவிடும்.

எங்கள் பில்டிங்கில் வங்கியில் ரிடையரான மராத்திக்காரர் ஒருவர், எல்லாருக்கும் காகா. சொசைட்டி பொருளாளர். கேட்காமலேயே மராத்தியில் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? எக்ஸ்எம்எல்லில் போட்டுத் தரச் சொன்னேன்! மூணு ஞாயிறு மல்லுக்கட்டினார். நாலாவது ஞாயிறு வரவில்லை. அப்புறம் லிஃப்டில் பார்த்தால் கிரிக்கெட் மட்டும் பேசுவார்.

"அவர் விஷயம் தெரிஞ்சவரா, உங்களுக்கு டைப்பிஸ்டா?" என்று தங்கமணி கேட்டாங்க. பதில் இல்லை.

லினக்ஸ் கர்னலே 2016-ல் டாக்புக்கை விட்டு ஸ்பிங்க்ஸுக்கு நகர ஆரம்பித்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி 2021-ல் ஆஸ்கிடாக்குக்குப் போனது. நான் போன மாசம்தான் உட்கார்ந்தேன். ஸ்பிங்க்ஸ் எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரு வரி மாறினால் மராத்தியில் எந்த வரி பழசாகிவிட்டது என்று அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன் வழக்கமான ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் தலைப்புக்குக் கீழே கோடு போடணும். கோடு குட்டையானால் திட்டும். மராத்தியில் (நம்ம தமிழிலும்தான்) கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒரு கணக்கு, பொட்டி எண்ணுவது வேறு கணக்கு. காகாவை மறுபடி அழ வைக்க மனசில்லை. அதனால் எழுதுவது மார்க்டவுனில், தொகுப்பது ஸ்பிங்க்ஸில். மார்க்டவுனில் அட்டவணை போடுவது கொஞ்சம் இம்சைதான். பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தயக்கத்தோடு போய் அந்தப் பதினோரு பக்கத்தைக் கேட்டேன். பழைய கம்ப்யூட்டரோடு ஃபைல் போய்விட்டதாம். பீரோவிலிருந்து அச்செடுத்த தாள்களைக் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலால் திருத்தங்கள் வேறு. நான் விட்ட பிறகும் அவர் விடவில்லை போல.

இப்போது டைப்பிஸ்ட் நான். ஒன்பதாவது படிக்கும் பையன் பக்கத்தில் உட்கார்ந்து என் மராத்தியைப் பார்த்துச் சிரிக்கிறான். நாலாம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.