பட்டணத்து வீடும் பகல் வெளிச்சமும்

கொழும்பில் ஒரு வீடு வாங்கலாமா என்ற கேள்வி ஆறு மாதங்களாக எங்கள் குடும்பத்தை அலைக்கழித்து வருகிறது. வீடு என்றால் தனி வீடன்று. வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் தட்டில், பின்புறமாக அமைந்த சில அறைகள். என் மனைவிக்கு உத்தியோகம் கொழும்பில். மகனுக்கு அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம். நானோ ஹல்துமுல்லையில் தமிழ் கற்பிக்கிறேன், இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதே கட்டடத்தின் முன்புற வீடுகள் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய வங்கிக் கடனுக்கு எட்டாதவை. பின்புற வீடு எட்டும். காரணம் ஒன்றே: அதில் பகல் வெளிச்சம் இல்லை.

சன்னல்கள் இருக்கத்தான் இருக்கின்றன. ஒன்று, கட்டடத்தின் நடுவே காற்றுக்கென்று விடப்பட்ட இடுக்கைப் பார்க்கிறது. மற்றொன்று அயல் கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது. சன்னலின் அகலம் மட்டும் ஓர் அறைக்கு வெளிச்சம் தந்துவிடாது. அதன் வழியே எவ்வளவு வானம் தெரிகிறது என்பதே முக்கியம். நடுக்கூடத்தில் நின்று பார்த்தேன். உள்ளங்கையளவு வானமும் தெரியவில்லை.

"வெயில் வராதது நல்லதுதானே மாஸ்டர், வீடு குளிர்ச்சியாயிருக்கும்" என்றார் தரகர். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. கொழும்பில் மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் காய்ந்து, இரவிலும் அனலை உமிழும். முன்புற வீட்டுக்காரர்கள் வெளிச்சத்துக்கென்று மிகுதியாகப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதே வெளிச்சத்தைத் திரையிட்டு மறைத்துக் குளிரூட்டியை ஓடவிடுகிறார்கள்! ஆனால் நிழல் வேறு, இருட்டு வேறு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டிலும், 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியதையும் மறக்கவில்லை. பத்து மணிக்கே விளக்கேற்ற வேண்டிய வீட்டில், மின்வெட்டு என்பது நண்பகலில் வரும் நள்ளிரவு.

எனக்கு இருட்டு வீடு புதிதன்று. நான் பிறந்தது லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, ஒரே வாசல். பின்சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பத்தின் காம்பரா முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் சன்னல் வைக்க வழியேயில்லை. விறகடுப்பின் புகை சுவரையும் கூரைத் தகரத்தையும் கறுப்பாக்கியிருந்தது. மழைக்காலத்தில் கதவைச் சாத்தினால் புத்தகத்தில் எழுத்துத் தெரியாது.

லயங்களைக் கட்டுவித்த துரைமாருக்குச் சன்னலின் பயன் தெரியாதா? அவர்களுடைய பங்களாக்களில் கண்ணாடிச் சன்னல்கள் வரிசையாக நின்றன. தொழிலாளி விடியலில் பெரட்டுக்குப் போகிறவன். பொழுது சாயத் திரும்புகிறவன். இரவில் உடலைச் சாய்க்க இடம் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். பகலை விற்றுவிட்டவனுக்குப் பகல் வெளிச்சம் எதற்கு? அந்தக் கணக்கில் குழந்தைகள் இல்லை. பிள்ளை பெற்றுக் கிடந்த பெண்கள் இல்லை. வேலையிலிருந்து ஓய்ந்த கிழவர்கள் இல்லை.

அண்மையில் கொழும்பு நண்பர் ஒருவர், "பகலில் அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறீர்கள்? நீங்கள் இருவரும் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கு" என்று நல்லெண்ணத்தோடு கேட்டார். எனக்கு அந்தப் பழைய துரையின் குரலே கேட்டது. பகலில் அங்கே இருக்கப்போவது என் தாய். நாற்பது ஆண்டுகள் வெயிலில் நின்று கொழுந்து பறித்தவர்.

தராசின் மற்றத் தட்டும் கனமானது. அந்த இருட்டு வீட்டுக்கு உறுதி உண்டு. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த எம்மவருக்கு அந்தக் காம்பராவின் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. 1948இல் குடியுரிமையையும் இழந்தவர்களுக்கு வீட்டுரிமை எங்கிருந்து வரும்? எங்கள் பிரதேசத்திலேயே, கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அந்த நிலம் ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. எழுந்து போகச் சொன்னால் போதுமா? போவதற்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஆகவே, கையில் உறுதியோடு கிடைக்கும் இருட்டை நான் எளிதில் இகழ மாட்டேன்.

நகருக்கு வெளியே, முற்றத்தோடு ஒரு சிறு வீடு தேடலாம் என்றேன். "காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் பஸ்ஸில் நிற்கிறவளுக்கு முற்றத்து வெயில் எங்கே கிடைக்கும்?" என்றாள் என் மனைவி. அவள் கேட்டதும் நியாயமே.

வருகிற சனிக்கிழமை தாயை அழைத்துப் போகிறோம். விளக்கெதையும் போடாமல், காலையிலிருந்து மாலைவரை அவர் அந்த வீட்டில் இருந்து பார்க்கட்டும் என்று தரகரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். செய்தியைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: "ஏன்யா, அங்க மொளகா காயப்போட எடம் இருக்கா?"

1973இன் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, வீடு வாங்குகிறவனுக்கு எல்லோருக்கும் பொதுவான பகுதிகளிலும் பங்குண்டு. மொட்டைமாடிக் கதவிலோ பூட்டுத் தொங்கிற்று. திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.