இரண்டு ஜாடி ஊறுகாய்

கூட்டுக் குடும்பம் ஒழிந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் எங்கள் வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாம். அதன் யூ.எஸ்.பி. ஓட்டையில் ஒரு ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறது. சமையலறையில் அம்மாவின் செல்போனில் பக்திப் பாட்டு, மாடியில் அக்காவின் பேங்க் ஸ்டேட்மெண்ட், கூடத்து டி.வி.யில் அக்கா பையனின் சினிமா. எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கிலிருந்து, ஒயரே இல்லாமல், வைஃபையில். அந்தக் காலத்து முற்றத்துக் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் வாளி விடலாம்.

கிணறு என்றால் சண்டையும் இருக்கும்.

முதல் சண்டை, வேகம். ரௌட்டரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகம் கிராஸ் சம்பளம். கைக்கு வருவது நெட். பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். பெட்டியில் சொல்வது மெகாபிட், நாம் ஃபைலை அளப்பது மெகாபைட். எனவே எட்டால் வகுக்க வேண்டும். 1999-ல் வந்த 802.11பி வைஃபைக்கு 11 மெகாபிட் என்றார்கள். வகுத்தால் விநாடிக்கு 1.4 மெகாபைட்கூட இல்லை. 700 மெகாபைட் சினிமாவுக்குக் காகிதக் கணக்கிலேயே எட்டரை நிமிஷம். கிகாபிட் கேபிளில் அதே கணக்கு ஆறு விநாடி. இப்போதைய வைஃபை எவ்வளவோ தேவலை. ஆனாலும் நடுவில் சுவர் வந்தால் ஒரு பிடித்தம், பக்கத்து அறையில் ஆள் இருந்தால் இன்னொரு பிடித்தம். (2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கே வரும். அதற்கும் அதே அலைவரிசைதான்.) பெரிய ஃபைல் என்றால் கௌரவம் பார்க்காமல் கேபிளைச் செருகிவிடுங்கள்.

இரண்டாவது சண்டை, பாஷை. கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் பேசிக்கொள்வது எஸ்.எம்.பி. என்ற பாஷையில். விண்டோஸின் இந்தப் பாஷையை மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் கற்றுத் தர, ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் ஒரு மென்பொருளை வெளியிட்டார். பின்னால் பெயர் மாற்ற வேண்டி வந்தபோது, எஸ், எம், பி எழுத்துகள் வரிசையாக வரும் வார்த்தை எது என்று அகராதியில் தேடினார். சாம்பா! பல ரௌட்டர்களுக்குள் இன்றும் ஆடிக்கொண்டிருப்பது அதுதான். இந்தப் பாஷையின் முதல் வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் புகுந்தது. அந்த வருஷக் கடைசியிலிருந்து புதிய விண்டோஸில் அந்த முதல் வடிவம் தானாக வருவதில்லை. உங்கள் பழைய ரௌட்டரின் டிஸ்க் புது லேப்டாப்பில் திறக்க மறுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஓட்டைக் கதவைத் திறந்து வைப்பதைவிட ரௌட்டரை மாற்றுவது மேல்.

மூன்றாவது, சண்டை இல்லை. அதைவிட மோசம்.

அப்பா தபால் இலாகாவில் 38 வருஷம் இருந்தார். காலமாவதற்கு முந்தின வருஷம், சாயங்காலங்களில் அவர் பேசப் பேச அக்கா செல்போனில் பதிவு செய்தாள். மொத்தம் 14 கதைகள். எல்லாம் அந்த டிஸ்க்கில், 'நியூ ஃபோல்டர் 2' என்ற திருநாமத்தில் இருந்தன.

போன தீபாவளி லீவில் அக்கா பையன் வந்து, "மாமா, டிஸ்க்ல இடமே இல்ல. நான் க்ளீன் பண்ணிட்டேன்" என்றான் பெருமையாக. நெஞ்சு திக்கென்றது. "எதுக்கு மாமா பயப்படறீங்க? ரீசைக்கிள் பின்ல இருக்கும்."

இருக்காது. நம் கம்ப்யூட்டருக்குள் அழித்தால்தான் குப்பைத் தொட்டி. நெட்வொர்க் வழியாக இன்னொரு டிஸ்க்கில் அழித்தால், விண்டோஸ் ஒரு தடவை கேட்கும், 'எஸ்' என்றால் நேரே சுடுகாடுதான். டிஸ்க்கைக் கழற்றி மீட்பு மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். காலியான இடத்தில் பையன் அதற்குள் கேம் வீடியோக்களை நிரப்பியிருந்தான். ஒன்றும் தேறவில்லை. அக்கா பேசவில்லை. பையன் மொட்டைமாடிக்குப் போய் இறங்கி வரவேயில்லை.

ராத்திரி அம்மாதான் கேட்டாள்: "ஏண்டி, பீரோவுல அந்தப் பச்சை பென் டிரைவ் என்ன ஆச்சு?"

அம்மா ஊறுகாயை எப்போதும் இரண்டு ஜாடியில்தான் போடுவாள். "ஒண்ணு பூசணம் பூத்தா இன்னொண்ணு" என்பது சித்தாந்தம். அப்பா பேச்சையும் அப்படியே அக்காவை நச்சரித்து ஒரு காப்பி எடுக்கவைத்து, பட்டுப் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். 14-ல் 11 கதை கிடைத்தது. மூன்று, காப்பி எடுத்த பிறகு பேசியவை. 1977 நாகப்பட்டினம் புயலில் தபால் மூட்டையைத் தலையில் சுமந்த கதை அதில் ஒன்று. கதை எனக்கு மனப்பாடம். "அடேய், கேளு" என்று அவர் ஆரம்பிக்கிற குரல்தான் இல்லை.

எல்லோருக்கும் எட்டுகிற இடம், எல்லோரும் அழிக்க முடிகிற இடமும்கூட. பகிர்வது வேறு, பத்திரப்படுத்துவது வேறு. இப்போது எங்கள் டிஸ்க்கில் பார்க்க எல்லோருக்கும் உரிமை. எழுத, அழிக்க ஒரே ஒரு பாஸ்வேர்டு. மாதம் ஒரு முறை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கழற்றி பீரோவில். மூன்றாவது காப்பி வெளியூரில் சித்தப்பா வீட்டில்.

அந்த ஒரே பாஸ்வேர்டு யாரிடம் என்பதை அம்மா முடிவு செய்தாள். "பேரன்கிட்டயே குடு. இனிமே அவனைவிட ஜாக்கிரதையா எவன் இருப்பான்?"

அவன் முதல் வேலையாக அந்த ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினான்: 'தாத்தா - யாரும் தொடாதீங்க'.