பிரெஞ்ச் படிச்சு என்ன செய்யப் போறாள்?



மேலே இருக்கும் கேள்வி எங்கள் குடும்பத்துக்குள் இந்த வருஷம் பல தடவை வந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட இங்கே எழுதிவிடுகிறேன். தரம் 6, 7இல் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கும் ஏதாவது பயன்படலாம்.

கொழும்பில் இருக்கும் என் ராத்தாவின் மகள் இப்போது தரம் 7. அவளது பாடசாலையில் தரம் 6இலிருந்தே பிரெஞ்ச் ஒரு பாடம். முதல் வருஷம் சந்தோஷமாகப் போனது. சலாம் சொல்வது போல நாலு வார்த்தை, நிறங்கள், கிழமைகள், உம்மா வாப்பா காக்கா தம்பி என்று உறவுப் பெயர்கள், இரண்டு மூன்று பாட்டு. 70க்கு மேல் புள்ளி. இந்த வருஷம் முதலாம் தவணையில் 38.

ராத்தா கோல் எடுத்தா. "தம்பி, இத நிப்பாட்டிட்டு வேற பாடம் எடுப்பமா? புள்ள அழுவுறாள்."

மொழி படிப்பிக்கும் யாருக்கும் இந்த இரண்டாம் வருஷம் நன்றாகத் தெரியும். முதல் வருஷம் சொற்களைப் பொறுக்குகிற வருஷம். இரண்டாவது வருஷம் அந்தச் சொற்களை வைத்து வசனம் கட்ட வேண்டும். வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறும். இறந்த காலம் வரும். பொருட்களுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் வரும். பிள்ளை முதல் வருஷம் கெட்டிக்காரி, இரண்டாம் வருஷம் மக்கு என்று ஆகிவிடவில்லை. பாடம்தான் மாறியிருக்கிறது. நம்மில் பலர் புள்ளியைப் பார்த்து பிள்ளையை அளப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

எனக்கு பிரெஞ்ச் தெரியாது. ஆனால் கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விஷயம், தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும் என்பது. ஆகவே மருமகளிடம், "நீ எனக்கு பிரெஞ்ச் படிப்பி. நான் உனக்கு ஸ்டூடன்ட்" என்றேன். கிழமைக்கு இரண்டு நாள், இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம், வட்ஸ்அப்பில்.

முதல் நாளே அவளுக்குக் கோபம். "மாமா, எழுதுறது ஒண்டு, வாசிக்கிறது ஒண்டு. கடைசி எழுத்து எல்லாம் சும்மா நிக்கிது. ஆனா சில நேரம் மட்டும் சத்தம் வருது."

விளக்கிக் காட்டினாள். 'சின்ன' என்பதற்கு அவர்களிடம் உள்ள சொல்லின் கடைசியில் 'த்' எழுத்து உண்டு. தனியாகச் சொன்னால் அது ஒலிக்காது, 'பெத்தி' மட்டும்தான். அதற்குப் பின்னால் உயிர் ஒலியில் தொடங்கும் சொல் வந்தால் ஒளிந்திருந்த 'த்' வெளியே வரும். 'ஆன்ஃபான்' என்றால் பிள்ளை. இரண்டும் சேர்ந்தால் 'பெத்தித்தான்ஃபான்', சின்னப் பிள்ளை.

"மக்கா எண்டு சொல்லு" என்றேன். சொன்னாள். "இப்ப முகர்ரமாவச் சேர்த்துச் சொல்லு." "மக்கத்துல் முகர்ரமா." "அந்த 'த்' எங்க இருந்து வந்த?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மதீனத்துல் முனவ்வராவும் அப்படித்தானே மாமா" என்றாள்.

நிறுத்தினால் ஒளியும், சேர்த்தால் வெளிவரும். இதை நம்முடைய பிள்ளைகள் ஓதல் பள்ளியில் ஏழு வயதிலேயே வாயால் படித்துவிடுகிறார்கள். வக்ஃப் என்றால் என்ன, சேர்த்து ஓதுவது என்றால் என்ன என்று ஹஸ்ரத் பிரம்பை மேசையில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தது. அந்தப் பயிற்சி பிரெஞ்ச் வகுப்புக்கும் உதவும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு இருவரும் தேட ஆரம்பித்தோம்.

பிரெஞ்ச்காரரின் 'ர' தொண்டையிலிருந்து வரும். கேட்டால் அரபியின் 'கைன்' எழுத்துக்குக் கிட்ட நிற்கிறது. மூக்கால் வரும் உயிர் ஒலிகள் அவளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தன. நூன் எழுத்தை முழுதாகச் சொல்லாமல் மூக்கில் ஒளித்து ஓதும் இக்ஃபாவை நினைத்துக்கொள் என்றேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் மூக்கு வழியாகச் சத்தம் விடப் பழகிய பிள்ளைக்கு அந்த வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

ஆண்பால் பெண்பால்தான் அடுத்த சண்டை. "மேசை பொம்புளயாம் மாமா. யாரு முடிவெடுத்த?" தமிழில் மேசை, புத்தகம், சூரியன் எல்லாம் அஃறிணை, பேச்சு முடிந்தது. ஆனால் அவள் சனிக்கிழமை மத்ரஸாவில் முதக்கர், முஅன்னஸ் படிக்கிறாள். எனவே ஒரு அட்டவணை போட்டோம். புத்தகம் அரபியிலும் ஆண்பால், பிரெஞ்ச்சிலும் ஆண்பால். பாடசாலை இரண்டிலும் பெண்பால். சூரியனும் சந்திரனும் மட்டும் தலைகீழ். அரபியில் ஷம்ஸ் பெண்பால், கமர் ஆண்பால். பிரெஞ்ச்சில் சூரியன் ஆண், சந்திரன் பெண். அந்த இரண்டையும் அவள் இனி மறக்க மாட்டாள்.

தமிழும் கைகொடுத்தது. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இங்கிலிஷில் இல்லை, பிரெஞ்ச்சில் உண்டு. நம்முடைய 'நீங்கள்' போலவே ஒரே சொல் மரியாதைக்கும் வரும், பலருக்கும் வரும். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், நாங்கள் பேசுகிறோம் என்று வினை மாறுவதும் நமக்குப் புதிதல்ல.

எண்கள்தான் வேடிக்கை. 70ஐ 'அறுபது-பத்து' என்பார்கள். 80 என்றால் 'நாலு இருபது'. 97 என்றால் 'நாலு இருபது பத்து ஏழு'. "இது என்ன பைத்தியம் மாமா" என்றாள். 90க்கு நாம் என்ன சொல்கிறோம்? தொண்ணூறு. நூறு வர முன்னமே நூறு வந்துவிட்டது. 900க்குத் தொள்ளாயிரம். நம்முடைய வீட்டிலும் பைத்தியம் இருக்கிறது, பழகிவிட்டதால் தெரியவில்லை.

எண் என்றதும் இன்னொன்று. நாம் 0ஐ 'சைபர்' என்கிறோம். அது அரபியின் 'ஸிஃப்ர்'. பிரெஞ்ச்சில் இலக்கத்துக்குப் பெயர் 'ஷிஃப்ர்', அதே சொல்தான். சீனி (சுக்கர்), பஞ்சு (குத்ன்) இரண்டுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களும் அரபியிலிருந்து போனவையே.

இப்போது மற்றக் கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தில் மூத்த ஒருவர் கேட்டார்: "முக்காட்டக் கழட்டச் சொல்ற நாட்டுட பாஷ நம்மட பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு?"

அதில் கோபம் மட்டுமல்ல, காயமும் இருக்கிறது. பிரான்ஸில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரச பாடசாலைக்குள் மாணவிகள் ஹிஜாப் அணிய முடியாது. அது உண்மை. அது எனக்கும் வலிக்கிறது.

ஆனால் ஒரு மொழி ஒரு அரசாங்கத்தின் சொத்தல்ல. நம்மை ஆண்டவர்களின் இங்கிலிஷை நாம் விட்டுவிடவில்லை. பிள்ளை அதில் 'ஏ' எடுக்காவிட்டால்தான் கவலைப்படுகிறோம். செனகலிலும் மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் பிரெஞ்ச் தெரிந்தவர்கள். ஹைதராபாத்தில் 1908இல் பிறந்த கலாநிதி முஹம்மத் ஹமீதுல்லாஹ் பல தசாப்தங்கள் பாரிஸில் வாழ்ந்து, 1959இல் குர்ஆனின் பிரெஞ்ச் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். "அவர்களுடைய பாஷை நமக்கெதற்கு" என்று அவர் இருந்திருந்தால் அந்த வேலை நடந்திராது. அந்தச் சட்டத்தைப் பற்றி அந்த ஊர்க்காரரிடம் பேச வேண்டுமென்றாலும் அவர்களுடைய மொழியில்தான் பேச வேண்டும். தூரம் போகவும் தேவையில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் காரைக்கால் 1954 வரை பிரெஞ்ச்காரர் கையில் இருந்தது. அங்கேயும் நம்மைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம்கள்தான் வாழ்கிறார்கள்.

பயன் என்ன என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு: நமது நாட்டில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பிரெஞ்ச் ஒரு பாடமாக எடுக்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். கொழும்பிலும் கண்டியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. டெல்ஃப் சான்றிதழ் ஏ1இலிருந்து பி2 வரை நாலு படி; எடுத்தால் காலாவதியாகாது.

ஊரில் இருக்கும் நம்முடைய பிள்ளைகளுக்கு பிரெஞ்ச் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கும் தரம் 7இல் ஒரு மொழி இருக்கிறது: சிங்களம். தரம் 6இலிருந்து 9 வரை படித்துவிட்டு, தரம் 10இல் பாடத் தெரிவு வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். இதுவரை உள்ள முறையில் சிங்களம், அரபு, பிரெஞ்ச், வணிகக் கல்வி, புவியியல் எல்லாம் ஒரே தொகுதிக்குள் கிடக்கின்றன, ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆகவே பரீட்சைக்கு எடுக்காவிட்டாலும் அந்த நாலு வருஷத்தை வீணாக்க வேண்டாம். 'மம கெதர யனவா' என்பதன் சொல் ஒழுங்கு 'நான் வீட்டுக்குப் போறன்' என்பதன் ஒழுங்கேதான். கடே என்றால் கடை. சல்லி என்றால் சல்லி. பிள்ளையிடம் அந்தப் பாதி தூரம் ஏற்கெனவே இருக்கிறது. பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் கச்சேரியிலும் வாய் திறக்க முடியாமல் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகும் நிலை நம்முடைய பிள்ளைகளோடு முடியட்டும்.

மருமகள் இரண்டாம் தவணையில் 54. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிப்பாட்டுவதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. என்னை மட்டும் "மாமா, உங்கட 'ர' இன்னும் சரியில்ல" என்று திட்டுகிறாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு மொழியில் தடுமாறினால் உடனே ரியூஷன் தேட வேண்டாம், உடனே நிப்பாட்டவும் வேண்டாம். அன்றைய பாடத்தை உங்களுக்குப் படிப்பிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத பாடமாக இருந்தால் இன்னும் நல்லது.

மத்ரஸா உஸ்தாதுமாருக்கும் ஒன்று. நீங்கள் அந்தப் பிள்ளைகளின் நாக்குக்குக் கொடுத்திருக்கும் பயிற்சி எத்தனை மொழிகளுக்கு உதவும் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் நம்புவார்கள்.

அல்லாஹ் நம்முடைய பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.