வலைக்கண்ணை யார் தீர்மானிப்பது?

2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் அது மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஊரே பறவைகளைப் பற்றிப் பேசியது, பேச வேண்டியதும்தான். ஆனால் பறவை வருவது மீனுக்காக. அந்த மீனை நம்பி இந்தப் பக்கத்துக் குளங்களிலும் அணைகளிலும் பிழைக்கும் மனிதர்களைப் பற்றி நான் படித்த எந்தச் செய்தியிலும் ஒரு வரி இல்லை. பனியன் கம்பெனி நடத்தும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "நம்ம கம்பெனியில செக்கிங் பார்க்கிற பொண்ணோட அப்பா அமராவதி அணையில வலை போடறாரு. போய்ப் பாருங்க" என்றார்.

திருப்பூர்க்காரர்கள் மீன் பிடிக்க அமராவதி வரை போக வேண்டியிருப்பதற்குக் காரணம் நொய்யல். நகரத்தின் நடுவே ஓடும் அந்த ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்குப் பக்கத்தில், 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயப்பட்டறைக் கழிவுதான் வந்து தேங்கியது. கிணறு உப்பானது, காடு வெள்ளை பூத்தது. விவசாயிகள் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பவை மட்டும் பிறகு மெல்லத் திறந்தன. கிழக்கே உப்பாறு, வட்டமலைக்கரை ஓடை ஆகிய அணைகள் பெரும்பாலும் வறண்டே கிடப்பவை. எனவே இந்த மாவட்டத்தில் நம்பி வலை போடக்கூடிய நீர் என்றால் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் திருமூர்த்தி, அமராவதி அணைகள்தான்.

அமராவதி அணை உடுமலைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். பாம்பாறும் சின்னாறும் தேனாறும் ஆனைமலைக் காட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருகின்றன. 1957இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 90 அடி. நான் போனபோது நீர் நன்றாக இறங்கி, கரையில் சேறு வெடித்திருந்தது. "இப்பத்தான் தம்பி மீன் கிடைக்கும். தண்ணி நெறஞ்சு நின்னா மீனு பரவிப் போயிரும். கொறஞ்சா ஒரு எடத்துல கூடும்" என்றார் நண்பர் சொன்ன அந்தப் பெரியவர். அறுபதைத் தாண்டியவர். பரிசலில் அவர் மனைவி துடுப்போடு உட்கார்ந்திருந்தார். வலை போடுவது கணவன், பரிசல் ஓட்டுவது மனைவி. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இருவருக்கும் அன்று வேலை இல்லை.

எங்கே வலை போடுவது என்பதை அவர் கையை நீட்டிக் காட்டிச் சொன்னார். ஆறு வந்து சேரும் இடத்தில் புதுத்தண்ணீர் இறங்கும் நாளில் கெண்டை இனங்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறும். அங்கே போட்டால் கட்டாயம் விழும். ஜிலேபி கரையோரச் சேற்றில் குழி பறித்துக் கிடக்கும். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் அடிச்சேற்றில். அதனால் கட்லாவுக்கு வலையைத் தக்கையில் மிதக்க விடுவார்கள். மிர்காலுக்கு ஈயத்தைக் கூட்டி அடியில் உட்கார வைப்பார்கள். மாலையில் போட்டுவிட்டு வந்து, விடியுமுன் போய் எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் வலையிலேயே மீன் செத்து நொந்துவிடும்.

அணைக்குள் முதலை உண்டு. நீர்நாயும் உண்டு. இரண்டும் வலையில் மாட்டிய மீனைத் தேடி வந்து வலையைக் கிழித்துவிடும். அதைப் பற்றி அவருக்குப் பெரிய புகார் இல்லை. "அதுக்கும் பசிக்குமில்லீங்க. அது வாங்கறது கடனா?" என்றார்.

அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் கடனைப் பற்றித்தான்.

மேட்டூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பாவும் காவிரியில் பரிசல் போட்டவர். சிறு வயதிலேயே வேலை தேடி இந்தப் பக்கம் வந்து, குத்தகைக்கு எடுத்தவர்களிடம் குளம் குளமாகக் கூலிக்கு வலை போட்டார். குளங்கள் சாயத்தில் கெட்டபோது சாயப்பட்டறைக்கே வேலைக்குப் போனார். "எந்தத் தண்ணியக் கெடுத்துச்சோ அங்கயே போய்ச் சம்பளம் வாங்கினன்" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2011இல் பட்டறை மூடியது. கையில் இருந்த ஒரே தொழிலோடு அமராவதிக்கு வந்தார். மகள் மட்டும் திருப்பூரில் தங்கி, பனியன் கம்பெனியில் சேர்ந்தாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி அவள் அனுப்பும் பணம்தான், மீன் விழாத மாதங்களில் இந்த வீட்டில் உலை வைக்கிறது.

பரிசலின் அடியில் இரண்டு சுருட்டு வலை கிடந்தது. இரண்டும் தங்கூசி நரம்பு வலை. ஒன்றின் கண்ணுக்குள் நான்கு விரலை நுழைத்துக் காட்டினார். இன்னொன்றில் இரண்டு விரல்கூடச் சிரமப்பட்டே நுழைந்தது. நான்கு விரல் வலையில் வளர்ந்த மீன் மட்டுமே செவுளில் மாட்டும். குஞ்சு நழுவிப் போய்விடும். இரண்டு விரல் வலையில் எல்லாம் மாட்டும். போன மழைக்குப் பிறகு அணையில் விட்ட கட்லாக் குஞ்சு, கையகலம் வளர்ந்ததுமே அதில் செத்துவிடும். ஓர் ஆண்டு விட்டால் அதே மீன் ஒரு கிலோவைத் தொடும்.

ஜிலேபிக்கு இந்தக் கவலை கிடையாது. 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரித்து, ஆண்டில் பல முறை பெருகும். கட்லாவும் ரோகுவும் அப்படியல்ல. தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. இந்த அணை முடிந்த அதே 1957இல், ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார். இன்று நாட்டின் பெரும்பாலான அணைகளுக்குக் குஞ்சு கிடைப்பது அந்த வழியிலிருந்து வளர்ந்த முறையில்தான். அதே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தைக்கும் தொழிலாளர்கள்தான் திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோகுவைத் தலையோடு கேட்டு வாங்குகிறார்கள். அணை மீனில் சேற்று வாடை என்று நம்மவர்கள் கடல்மீன் பக்கம் போய்விட, நன்னீர் மீனுக்கு இங்கே சந்தை பிடித்துக் கொடுத்தது அவர்கள்.

சந்தை பெருகியும் பரிசலுக்கு அது வந்து சேரவில்லை. பிடித்த மீனை இவர் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. மீன்பிடி உரிமை வேறொருவருடையது. எடை போட்டுக் கொடுத்துவிட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்க வேண்டும். இது தமிழ்நாட்டின் பல அணைகளிலும் குத்தகைக் குளங்களிலும் உள்ள வழக்கம். வலை, பரிசல், கிழிசல், முதலை எல்லாம் மீனவர் கணக்கு. வலை கிழிந்தால் புது வலைக்கு அந்த மீனை எடுத்து விற்கும் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். அந்த ஆளுக்குத் தினமும் பெட்டி நிறைய வேண்டும். நான்கு விரல் வலையில் சில நாள் ஒன்றுமே விழாது. "பெரிய கண்ணு வலை போட்டா மீனு வளரும்னு எனக்குத் தெரியாதுங்களா தம்பி? பெட்டி காலியாப் போனா மறுநா வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க" என்றார் அவர். அவர் மனைவி முதல் முறையாகப் பேசினார்: "சின்ன வலைய வாங்கிக் கொடுத்ததே அவங்கதானுங்க."

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை. அணை மீன் அழிகிறது என்று எங்கே பேச்சு வந்தாலும் பழி மீனவன் தலையில்தான் விழுகிறது. பேராசை பிடித்துக் குஞ்சை அள்ளுகிறான் என்கிறார்கள். அந்த வலையை வாங்கிக் கொடுத்தவர், குஞ்சு மீனைக் கூசாமல் எடை போட்டவர், ஐஸ் பெட்டியில் ஏற்றி நகரத்தில் விற்றவர், பேரம் பேசி வாங்கியவர் யாரும் கணக்கில் வருவதில்லை. கடன் கொடுத்தவன் கையில்தான் வலையின் கண் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் குளத்தை எடுத்து, பின்னால் நின்று பணம் போட்டவரே லாபத்தை அள்ளுவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தண்ணீரில் ஒரு நாளும் கால் நனைக்காதவர் தண்ணீருக்கு எஜமானராக இருப்பது அநியாயம்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. பொள்ளாச்சிக்கு அருகே, இதே மலையின் இன்னொரு பக்கத்தில் ஆழியாறு அணை இருக்கிறது. 1980களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனைப்படி அங்கே நன்றாக வளர்ந்த குஞ்சுகளை மட்டும் விட்டார்கள். சிறு மீன் பிடிப்பதைத் தடுத்தார்கள். ஹெக்டேருக்குக் கிடைத்த மீனின் அளவு பல மடங்கு உயர்ந்தது. தண்ணீர் மாறவில்லை. மாறியவற்றில் முக்கியமானவை குஞ்சின் அளவும் வலையின் கண்ணும்.

தூண்டில் போடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிலேபிக்கு மண்புழு, ரோகுவுக்கு மாவு உருண்டை போதும். முன் அனுமதி இல்லாமல் எந்த அணையிலும் குளத்திலும் இறங்காதீர்கள். அமராவதியில் முழங்கால் நனையும் இடத்தில்கூட நிற்காதீர்கள்; முதலை இருக்கும் நீர் அது. நஞ்சராயன் குளத்தைப் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள்.

அரசுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பரிசல் ஓட்டுகிறவர்களின் குழுவுக்கே மீன்பிடி உரிமையைக் கொடுங்கள். கிழிந்த வலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள். இவை நடந்தால் இரண்டு விரல் வலையை அவர்களே தூக்கி எறிவார்கள். நாமும் ஒன்று செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் கையகலக் கட்லாவோ ரோகுவோ கிடந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.